மிச்சமான வாசர்: சிலிண்டர் ஹெட் குறித்து ஓர் ஆய்வேடு

ஈரோட்டுப் பக்கம் ஒரு பட்டறை. ஓர் அம்பாசிடருக்கு சிலிண்டர் ஹெட் ஏற்றி முடித்த சாயங்காலம், டீசல் தட்டின் அடியில் ஒரு வாசர் கிடந்தது. ஸ்டட் பதினொன்று, நட்டு பதினொன்று. ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் வாசர் இருப்பதை உதவியாள் பையன் இரண்டு தடவை எண்ணிவிட்டான். டார்க் ரெஞ்சும் பதினோரு இடத்திலும் ‘டக்’ என்று சொல்லிவிட்டது. தட்டில் கிடந்தது பன்னிரண்டாவது.

“அண்ணே, ஒண்ணு மிச்சம்ணே.”

“மிஞ்சினா தப்பில்லடா. கொறஞ்சாத்தான் தப்பு.”

மெக்கானிக் இதைச் சொல்லிவிட்டுப் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆனால் அவர் இரண்டே வாக்கியத்தில் தாண்டிப் போன இடத்தில் ஒரு முனைவர் பட்டத்துக்கான இடைவெளி இருக்கிறது. எலிப்பொறி முதல் ஏர்ப்போர்ட் வரை எல்லாவற்றுக்கும் ஆய்வேடு எழுதப்பட்டுவிட்ட இந்த நாட்டில், ஹெட் போல்ட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் வாசரை எவரும் தலைப்பாக எடுத்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வேட்டின் நோக்கம்.

இயல் 1: பொருளும் பெயரும்

வாசர் என்பது நடுவில் ஓட்டையுள்ள தட்டையான உலோக வட்டம். உளுந்து வடைக்கும் இதே இலக்கணம் பொருந்தும் என்பதால் ஒரு தெளிவு தேவை. வடையின் ஓட்டை நடுப்பகுதி வேகுவதற்கு. வாசரின் ஓட்டை இன்னொருவர் புகுந்து போவதற்கு. ஐ.எஸ்.ஓ. 7089 என்ற பன்னாட்டுத் தரம் 10 மி.மீ. போல்ட்டின் வாசருக்கு உள்விட்டம் 10.5, வெளிவிட்டம் 20, கனம் 2 மி.மீ. என்று விதிக்கிறது. இந்தியத் தரம் தனியாக ஐ.எஸ். 2016 என்று ஒன்று உண்டு. 2016 என்பது அதன் எண். ஆண்டு என்று எண்ணிப் புதிய சட்டம் வந்துவிட்டதாக யாரும் பதற வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் இந்த வேதங்கள் எதுவும் ஓதப்படுவதில்லை. அங்கே வாசருக்கு ஒரே அளவுகோல் தராசு. “கால் கிலோ போடுங்க” என்றால் காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பெயர்க் காரணம் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ‘வாஷர்’ என்ற சொல் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அது எதைத் துவைத்தது என்று ஆங்கில அகராதிக்காரர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தமிழ்ப் பட்டறைகளில் வாசர், வாஷர், வாய்சர் என மூன்று பாடபேதங்கள் உண்டு. இவ்வேடு முதலாவதைக் கொள்கிறது. தட்டச்சுக்கு எளிது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஆய்வுக்குக் களமாக அம்பாசிடர் எடுத்துக்கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்துகொண்டிருந்த இந்த வண்டியில் நெடுங்காலம் ஓடியது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்து 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின். எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அது சம்பந்தி வீடு. இந்தக் குடும்பத்தில் ஹெட்டைப் பிடிப்பது போல்ட் இல்லை. பிளாக்கில் நட்டு வைத்த ஸ்டட்டும் அதன் தலையில் நட்டும், நட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வாசரும். ஆனாலும் பட்டறை வழக்கில் எல்லாமே ‘ஹெட் போல்ட்’தான். உலகத்தாரோடு ஒட்டி ஒழுகுவதே இவ்வேட்டுக்கும் நல்லது.

இயல் 2: இலக்கணம்

தமிழ் படித்தவர்களுக்கு வாசரை விளக்குவது எளிது. அது சாரியை.

‘மரம்’ என்ற சொல்லோடு ‘ஐ’ உருபு நேராகச் சேராது. ‘மரமை’ என்றால் குழந்தைகூடச் சிரிக்கும். நடுவில் ‘அத்து’ வந்து உட்கார்ந்தால்தான் ‘மரத்தை’ கிடைக்கும். ‘கல்’லுக்கு அந்தத் தயவு வேண்டாம், ‘கல்லை’ என்று நேரே சேர்ந்துகொள்ளும். சாரியைக்குத் தனிப் பொருள் கிடையாது. ஆனால் அது இல்லாத இடத்தில் சொல் கெட்டுவிடும். ஹெட் போல்ட்டுக்கு வாசர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியும் இதேதான். ஹெட் எந்த வகைச் சொல் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் செவர்லே 1955-இல் கொண்டுவந்த ‘ஸ்மால் பிளாக்’ வி-8 எஞ்சின் இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு ஹெட்டுக்கும் 17 போல்ட், 65 அடி-பவுண்டு முறுக்கு. தொழிற்சாலையில் வாசர் கிடையாது, ஏனென்றால் ஹெட் வார்ப்பிரும்பு: ‘கல்’ வகை. அதே பிளாக்கில் பந்தயக்காரர்கள் அலுமினிய ஹெட்டை ஏற்றினால் ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் கடினப்படுத்திய வாசர் கட்டாயம். அலுமினியம் ‘மரம்’ வகை. போல்ட் தலை நேரடியாக அதன்மேல் திரும்பினால் உழுது கொண்டுபோய்விடும்.

உழுவதற்கான கணக்கும் கையில் இருக்கிறது. மூன்று நூல் கன ஸ்டட், அதாவது 3/8 அங்குலம். எம்.ஜி.பி. கையேடு ஹெட் நட்டுக்குச் சொல்வது 45 முதல் 50 அடி-பவுண்டு. ஐம்பது என்றே வைத்தால், எண்ணெய் இல்லாத மரையில் ஒரு ஸ்டட் ஹெட்டை அமுக்குவது ஏறத்தாழ 3.6 டன். கிட்டத்தட்ட ஒரு யானை. பதினோரு ஸ்டட்டுக்குப் பதினோரு யானை ஹெட் மேல் நிற்கிறது. இத்தனை எதற்கு என்றால், 73 மி.மீ. வாயுள்ள சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது அது ஹெட்டை மேலே தள்ளும் பலம் ஒன்றரையிலிருந்து இரண்டு டன் வரை வரும். நான்கு சிலிண்டர், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை.

இனி யானையின் கால். அந்த நட்டு ஹெட்டில் பதியும் வளையத்தின் பரப்பு ஒரு சதுர செ.மீ.கூடத் தேறாது. 20 மி.மீ. வாசர் ஒன்றை இடையில் வைத்தால் பரப்பு மூன்று மடங்காகிறது, ஹெட் தாங்கும் நெருக்கடி மூன்றில் ஒன்றாகிறது. யானைக்குச் செருப்பு மாட்டிவிட்டது போல. ஒரு நிபந்தனை மட்டும்: வாசர் கனமாக, கடினமாக இருக்க வேண்டும். தகர வாசர் போட்டால் நட்டின் அளவுக்கே அது குழிந்து, செருப்பு தேய்ந்து கால் தரையைத் தொட்டுவிடும்.

சாரியையை மனம்போனபடி நுழைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. 2 மி.மீ. வாசரைப் புதிதாகச் சேர்த்தால் போல்ட் பிளாக்குக்குள் 2 மி.மீ. குறைவாக இறங்கும், மரைப் பிடிப்பு அவ்வளவு குறையும். இருந்த வாசரை எடுத்துவிட்டால் போல்ட் அடி மூடிய துளையின் தரையைத் தொட்டு நின்றுவிடக்கூடும். அப்போது ரெஞ்ச் வஞ்சகமில்லாமல் ‘டக்’ என்னும். போல்ட் துளையின் தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஹெட்டை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

இயல் 4: பத்துப் பைசா

(இயல் 3 தட்டில் தேடியும் கிடைக்கவில்லை. குறைந்தால் தப்பு என்ற கோட்பாட்டின்படி இது தப்பே. தேடல் தொடர்கிறது.)

அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் மக்களுக்குப் போய்ச் சேருகிறது என்று 1985-இல் ராஜீவ் காந்தி சொன்னது இன்றும் மேடைகளில் எடுத்தாளப்படுகிறது. ஹெட் போல்ட்டின் நிர்வாகம் அதைவிட ஊழல் மிக்கது. மெக்கானிக் ரெஞ்சில் போடும் ஒரு ரூபாய் பலத்தில் சுமார் 50 பைசாவை நட்டின் அடிப்பக்க உராய்வு தின்றுவிடுகிறது. 40 பைசாவை மரையின் உராய்வு எடுத்துக்கொள்கிறது. ஸ்டட்டை இழுத்து ஹெட்டைப் பிடிக்கும் வேலைக்குப் போய்ச் சேருவது 10 பைசா.

ஆக, டார்க் ரெஞ்ச் அளப்பது பிடிமானத்தை என்று நினைப்பது வெகுளித்தனம். அது அளப்பது சிரமத்தை. பிடிமானம் எவ்வளவு என்று சிரமத்திலிருந்து நாம் ஊகித்துக்கொள்கிறோம், அவ்வளவே. சொரசொரப்பான வார்ப்பிரும்பின்மேல் திரும்பும் நட்டுக்கும், வழவழப்பான எண்ணெய் தடவிய வாசரின்மேல் திரும்பும் நட்டுக்கும் சிரமம் வேறு வேறு. அடிப்பக்க உராய்வு பாதியாகக் குறைந்தால், அதே 50 அடி-பவுண்டில் பிடிமானம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 3.6 டன் 4.8 டன்னாகிவிடும். ரெஞ்சுக்கு இது தெரியாது. அதே ‘டக்’.

வாசரின் மெய்யான தொழில் இங்கேதான் இருக்கிறது. பாரத்தைப் பரப்புவது அதன் பகுதிநேர வேலை. முழுநேர வேலை தேய்க்கப்படுவது. பதினோரு நட்டுக்கும் ஒரே மாதிரியான, தெரிந்த வழவழப்புள்ள ஒரு தரையைக் கொடுத்து, ஊழலைச் சமமாக்குவது. ஊழலை ஒழிப்பது அதன் நோக்கமே இல்லை. எல்லா மாவட்டத்திலும் ஒரே விகிதத்தில் நடக்க வைத்தால் அதற்குப் போதும். இதனால்தான் கையேட்டில் எழுதியுள்ள முறுக்கு எண் தனி எண்ணாக நிற்பதில்லை. அந்த எண்ணை எழுதியவர் மேசையில் எந்த வாசர் இருந்ததோ, எந்த எண்ணெய் இருந்ததோ, அவற்றையும் சேர்த்துத்தான் அது செல்லுபடியாகும். எண்ணை மட்டும் பின்பற்றி வாசரை மாற்றுவது, சமையல் குறிப்பில் உப்பின் அளவை வைத்துக்கொண்டு கல்லுப்புக்குப் பதில் தூளுப்பைக் கொட்டுவது போன்றது.

ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். சில சமயம் நட்டு வாசரின்மேல் திரும்பாமல், வாசரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஹெட்டின்மேல் சுற்றும். தேய்ப்பு நடக்கும் இடமும் பரப்பும் மாறியதால் கணக்கும் மாறிவிடும். அனுபவமுள்ளவர்கள் நட்டு, வாசர், ஹெட் மூன்றின்மேலும் மார்க்கரால் ஒரே கோடாக இழுத்துவிட்டு முறுக்குவார்கள். நட்டின் கோடு நகர்ந்து, வாசரின் கோடு ஹெட்டின் கோட்டோடு நின்றால் சரி. வாசரும் கூடக் கிளம்பிப் போயிருந்தால் கழற்றி, துடைத்து, மறுபடி.

இயல் 5: சமயக் கணக்கு

இந்திய மெய்யியல் மரபில் ஹெட் போல்ட்டுகள் மூன்று மதங்களாகப் பிரியும்.

போல்ட் வேறு, வாசர் வேறு என்று தனித்தனியே வருவது துவைதம். அம்பாசிடர் இந்த மதம். போல்ட்டின் தலையே பாவாடை போல் விரிந்து, வாசர் என்று இரண்டாவதாக ஒரு பொருளே இல்லை என்பது அத்துவைதம். ஃபிளாஞ்ச் போல்ட் என்பார்கள். மூன்றாவதில்தான் நுட்பம். போல்ட்டோடு வாசர் மாட்டியபடியே வரும். தண்டில் மரை உருட்டுவதற்கு முன்பே வாசரைக் கோத்துவிடுகிறார்கள். மரை உருட்டும்போது உலோகம் வெளியே பிதுங்கி, மரையின் விட்டம் தண்டைவிடப் பெரிதாகிவிடும். அப்புறம் வாசர் வெளியே வர வழியில்லை. இஷ்டம்போல் சுற்றலாம், பிரிய முடியாது. வேறுதான், ஆனால் விலகாதது. விசிஷ்டாத்துவைதத்தை விளக்க ஓலைச்சுவடி எதற்கு, இந்த போல்ட் ஒன்றை மாணவன் கையில் கொடுத்தால் போதும்.

மதம் இருந்தால் கலையும் இருக்கும். வாசரில் எந்தப் பக்கம் மேலே? காஞ்சிபுரத்தில் யானைக்கு எந்த நாமம் என்று நடந்ததாகச் சொல்லும் சண்டைக்கு இது சற்றும் இளைத்ததில்லை. (மேலே குறிப்பிட்ட பதினோரு யானைகளை நினைவில் கொள்க.) பந்தய எஞ்சின்களுக்கான வாசர்களில் ஓட்டையின் ஒரு விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருக்கும். போல்ட்டின் தலையும் தண்டும் கூடும் கழுத்தில் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவு விளிம்பில் முட்டாமல் உட்கார, சீவிய பக்கம் போல்ட் தலையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் கூரிய விளிம்பு கழுத்தைக் கடிக்கும். கழுத்தில் விழுந்த காயம் எஞ்சினில் விரிசலாக வளரும். அச்சில் வெட்டிய சாதா வாசருக்கும் இரண்டு முகம் உண்டு. விரலால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிசிறு தட்டும். வழுக்கும் பக்கம் மேலே. நட்டுக்குக் கழுத்து கிடையாது என்பதால் அம்பாசிடர்காரர்களுக்கு இந்தக் கலைப்பூசல் அவ்வளவு தீவிரமில்லை. ஆனால் பிசிறின்மேல் நட்டைத் திருப்பினால் உராய்வுக் கணக்கு கெடும். ஆக அவர்களும் ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும்.

இனி ஸ்பிரிங் வாசர். நம் ஊரில் இதற்கு உள்ள செல்வாக்கு அலாதியானது. மிதிவண்டி கேரியரிலிருந்து மோட்டார் பம்பு வரை ‘ஒரு ஸ்பிரிங் வாசர் போடுப்பா, லூஸ் ஆகாது’ என்பது தாத்தா காலத்து மந்திரம். மந்திரத்தைச் சோதித்தவர்கள் உண்டு. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியர் 1969-இல், போல்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது மிக எளிதில் தானாகக் கழன்றுகொள்கிறது என்று காட்டி, அதை அளக்க ஓர் இயந்திரமும் செய்தார். வெட்டு வளையமான ஸ்பிரிங் வாசர் அந்த இயந்திரத்தில் மானத்தைக் காப்பாற்றவில்லை. நாசா 1990-இல் வெளியிட்ட ஃபாசனர் கையேடும், முழுதாக முறுக்கியபின் ஸ்பிரிங் வாசர் தட்டையாகி வெறும் வாசராகிவிடுகிறது, பூட்டும் வேலைக்கு உதவாது என்றே தீர்ப்பளிக்கிறது. ஹெட் நட்டுக்கு அடியில் இதைப் போடுவது பாவத்தில் சேரும். 3.6 டன்னுக்குக் கீழே ஸ்பிரிங்காவது ஒன்றாவது. கொஞ்சம் மிருதுவான ஹெட்டாக இருந்தால் அதன் வெட்டு முனை பள்ளம் வேறு பறித்துவிட்டுப் போகும்.

இயல் 6: குழிந்தவர்கள்

பழைய வாசரைத் திரும்பப் போடலாமா? கழற்றிய வாசரைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் ஓரத்தைத் தட்டினால் விடை கிடைத்துவிடும். ‘கடகட’வென்று ஆடினால் அது குழிந்துவிட்டது. பி-சீரிஸ் எஞ்சின்காரர்களுக்கு இது அன்றாடக் காட்சி. பல ஆண்டு அழுத்தத்தில் வாசர், ஊறுகாய்த் தட்டின் சாயலுக்கு வந்திருக்கும்.

பட்டறையின் சிக்கன மரபு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: திருப்பிப் போடுவது. குழி கீழ்ப்பக்கம் போனால் மறுபடி தட்டையாகிவிடும் என்ற நம்பிக்கை. இதைச் செய்பவர் தாம் அறியாமலே ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பைத் திரும்பச் செய்கிறார். கிண்ண வடிவ வாசரை ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் உத்திக்கு டன்கர்க் நகரின் ஜூலியன் பெல்வில் 1867-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பெல்வில் வாசர் அதற்கென்று செய்த எஃகு, கணக்கிட்ட வளைவு. குழிந்த ஊறுகாய்த் தட்டு அப்படியல்ல. முறுக்கும்போது கொஞ்சம் நிமிரும், எஞ்சின் சூடாகி ஆறும்போது இன்னும் கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்த அளவுக்கு ஸ்டட்டின் இழுவை தளரும். ரேடியேட்டரில் குமிழி வரும், ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் நிறமாகும். பழி கேஸ்கட் மேல் விழும். பதினோரு வாசரின் விலை, டீக்கடையில் மெக்கானிக் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த டீ, பஜ்ஜியின் விலையைப் பெரிதாக மிஞ்சாது.

புதிய எஞ்சின்களில் வாசரின் அரசாட்சி முடிந்துகொண்டு வருகிறது. வோக்ஸ்வாகனின் 1.9 டி.டி.ஐ. டீசல் எஞ்சினுக்கு ஹெட் போல்ட் முறுக்கும் விதம்: முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60, அதன்பின் 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. கடைசி இரண்டு திருப்பலில் எவ்வளவு சிரமம் என்று யாரும் கேட்பதில்லை, எவ்வளவு கோணம் என்பதே கேள்வி. மரையின் இடைவெளி தெரியும், கோணம் தெரியும், ஆகவே போல்ட் எவ்வளவு நீளும் என்பதும் தெரியும். இடைத்தரகர்களைத் தாண்டி நேரடிப் பணப் பரிமாற்றம். போல்ட் நிரந்தரமாக நீளும் அளவுக்கு இழுபடுவதால் அடுத்த முறை புது போல்ட்.

இயல் 3

மெக்கானிக் திரும்பி வந்தபோது பையன் பன்னிரண்டாவது வாசரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றியபோது கிடைத்த பழைய வாசர்கள் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கின. பதினொன்றும் குழிந்தவை. இது குழியவே இல்லை. இதன் ஒரு முகத்தில் நட்டின் தடம் இல்லை, இன்னொரு வாசரின் வட்டத் தடம் இருந்தது.

“இது வாசருக்கு மேல வாசரா இருந்திருக்குண்ணே.”

மெக்கானிக் பேசவில்லை. வாக்கிங் ஸ்டிக் போல நீண்ட கைவிளக்கை எடுத்து ஹெட்டுக்கு மேல் பிடித்தார். பதினோரு ஸ்டட்டில் பத்தின் முனைகள் நட்டுக்கு மேல் ஒரே உயரத்தில் நின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து மூலையில் ஒன்று மட்டும் அரை விரல்கடை தூக்கலாக நின்றது. நிறமும் வேறு. எப்போதோ மரை போய், யாரோ வேறு எதிலிருந்தோ எடுத்து மாட்டிய ஸ்டட். அதில் மரை இல்லாத தண்டு நீளம். ஹெட்டும் பழையது, எத்தனை தடவை ஃபேசிங் என்று அடிமுகத்தைச் சீவி இளைத்ததோ. அந்த இடத்தில் நட்டு கீழே வரும்போது மரை தீர்ந்துபோகும் என்று முன்னே வேலை செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் இரண்டு வாசர். தெரிந்ததை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“அந்த நட்டுக்கும் டக்குனு சொல்லுச்சேண்ணே, நான்தான் கேட்டேன்.”

“வாசரத் தொட்டுப் பாரு.”

பையன் மூலை நட்டுக்கு அடியில் சுட்டுவிரல் நகத்தைக் கொடுத்து வாசரின் விளிம்பைத் தள்ளினான். ஐம்பது அடி-பவுண்டில் முறுக்கிய நட்டின் கீழே வாசர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எண்ணெயில் மினுங்கி நின்றது.